பெயரைக் கண்டு வரவழைத்த ஆட்டக்காரர்கள்

கால்பந்தாட்டக் கழகம் ஒன்றில் பற்றுடையவர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், அவர்களுடைய பேச்சு முதலில் வெற்றிகளைப் பற்றித்தான் எழும். எந்த ஆண்டில் எந்தக் கோப்பையை வென்றோம், கடைசி நிமிஷத்தில் பந்தை வலைக்குள் செலுத்தியவர் யார் என்பன போன்ற செய்திகளை ஒருவர் தொடங்க மற்றொருவர் முடிப்பார். ஆனால் அந்தப் பேச்சு நெடுநேரம் நீடிப்பதில்லை. வெற்றியைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கருத்து. ஒத்த கருத்துள்ள இடத்தில் வாதத்துக்கு வழி ஏது? சிறிது நேரத்துக்கெல்லாம் ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஆண்டு ஒருவரை ஆரவாரத்தோடு அழைத்து வந்தார்களே, நினைவிருக்கிறதா?" என்று கேட்பார். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். அதனோடு ஒரு பெருமூச்சும் எழும். அதன்பின் தேநீர் ஆறிப்போகும் வரையில் பேச்சு ஓயாது.

நம்பிக்கையோடு வரவேற்கப்பட்டுப் பின்னர் ஏமாற்றம் அளித்த ஆட்டக்காரர்களைப் பற்றிய இந்த நினைவு, உலகில் கால்பந்து ஆடப்படும் இடமெங்கும் உள்ள ஒன்றுதான். இந்தியாவில் கொல்கத்தாவிலும், கோவாவிலும், கொச்சியிலும், சென்னையிலும் ஆட்டங்களைக் கண்டு வளர்ந்த நமக்கும் அத்தகைய பட்டியல்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றை இன்று நினைவுகூர்வோம். பிறரை எள்ளி நகையாடுவது நம் நோக்கம் அன்று. ஓர் ஆட்டக்காரர் ஏன் சோபிக்காமற் போகிறார், அதில் அவருடைய பங்கு எவ்வளவு, அவரை அழைத்து வந்தவர்களின் பங்கு எவ்வளவு, கைதட்டியும் கூச்சலிட்டும் தீர்ப்புக் கூறுகின்ற நம்முடைய பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதே நோக்கம்.

கழகத்தின் மீது ரசிகர் கொண்டுள்ள பற்று எத்தகையது என்பதை முதலில் நினைவில் நிறுத்துதல் நலம். கொல்கத்தாவில் மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டிலும், ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920ஆம் ஆண்டிலும் தோன்றின. இவ்விரண்டும் மோதும் நாளில் அந்நகரத்தின் அடுப்பங்கரைகளும் கட்சி பிரிந்து நிற்கும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் கிராக்கி என்பது பல தலைமுறை வழக்கம். 1997ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி சால்ட் லேக் மைதானத்தில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இவ்விரு கழகங்களும் ஆடியதைக் காண 1,31,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. இத்துணைப் பேருடைய நம்பிக்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் புதிய ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் அடியெடுத்து வைக்கிறார். அந்தச் சுமை எளியதன்று.

பழைய நாட்களில் கொல்கத்தாவில் ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் பருவமே ஒரு தனித் திருவிழாவாக இருந்தது. ஒரு கழகத்தார் தாம் விரும்பும் ஆட்டக்காரரை மறு கழகத்தார் கண்ணில் படாதவாறு உறவினர் வீட்டிலோ வெளியூரிலோ மறைத்து வைத்திருந்து, பதிவு செய்யும் நாளன்று பாதுகாப்போடு அழைத்து வருவார்கள். அவ்வாறு வந்தவர்களுள் வாழ்ந்தவர்களும் உண்டு, வாடியவர்களும் உண்டு. வெளியூரிலிருந்து அழைத்து வருவது பயன் தராது என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் முன்வரிசையில் ஆடிய அகமது கான், சாலே, வெங்கடேஷ், தன்ராஜ், அப்பாராவ் ஆகிய ஐவரும் தென்னாட்டிலிருந்து சென்றவர்களே. அவர்களை வங்க மக்கள் பஞ்ச பாண்டவர் என்று போற்றினார்கள். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாக ஐ.எப்.ஏ. கேடயத்தை அக்கழகம் வென்றது. அந்த ஐவரும் வந்தபோது உலகப் புகழோடு வரவில்லை. களத்தில் ஆடித்தான் புகழ் பெற்றார்கள். இதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்த பல ஏமாற்றங்களில் இந்த முறை தலைகீழாயிற்று. புகழ் முன்னே வந்தது; ஆட்டம் பின்னே வரவில்லை.

அவற்றுள் மிகப் பெரிய ஏமாற்றம், ஓர் ஆட்டங்கூட ஆடப்படாத ஏமாற்றம் ஆகும். 2012ஆம் ஆண்டு சனவரி மாதம் கொல்கத்தாவில் ஓர் ஏலம் நடைபெற்றது. வங்காளத்தின் ஆறு நகரங்களுக்கு ஆறு அணிகள் அமைத்து ஒரு புதிய போட்டித் தொடர் நடத்தப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. அர்ஜென்டினாவின் ஹெர்னான் கிரெஸ்போவை 8,40,000 டாலருக்கு பாராசாத் அணியும், 2006ஆம் ஆண்டு இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்த ஃபாபியோ கன்னவாரோவை 8,30,000 டாலருக்கு சிலிகுரி அணியும், பிரான்சின் ராபர்ட் பிரெஸை 8,00,000 டாலருக்கு ஹவுரா அணியும் எடுத்தன. நைஜீரியாவின் ஓகோச்சா துர்காபூருக்கு என்றும், லிவர்பூல் கழகத்தில் புகழ் ஈட்டிய ராபி ஃபவுலர் கொல்கத்தாவுக்கு என்றும் முடிவாயிற்று. கன்னவாரோ சிலிகுரிக்கு வந்து ஆடப்போகிறார் என்ற செய்தியைப் படித்தவர்கள் அதைக் கனவென்று கருதினார்கள். அது கனவாகவே முடிந்தது. தொடர் தள்ளி வைக்கப்பட்டது. மீண்டும் தள்ளி வைக்கப்பட்டது. இறுதிவரை நடைபெறவே இல்லை. திருமண மண்டபத்தைப் பிடித்து, அழைப்பிதழும் அச்சிட்டு, மணமேடை எழாமற் போன கதை அது.

இரண்டாண்டுகள் கழித்து, 2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிற்று. இம்முறை ஆட்டங்கள் உண்மையாகவே நடைபெற்றன. எட்டுக் கழகங்கள் பங்கு கொண்டன. ஒவ்வொரு கழகத்துக்கும் உலகப் புகழ் பெற்ற ஒருவர் முகமாக இருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. அத்தகையவரை மார்க்கீ ஆட்டக்காரர் என்று அழைத்தார்கள். கிரிக்கெட்டுக்கே பழகிய நம் நாட்டு மக்களைக் கால்பந்து மைதானத்துக்கு ஈர்க்க இது ஒரு வழி என்பதை மறுப்பதற்கில்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் மட்டுமே கண்ட முகங்களை நேரில் காணலாம் என்ற ஆவலில் குடும்பத்தோடு மைதானத்துக்கு வந்தவர்கள் பலர். நாமும் அவ்வாறு சென்றவர்களே.

அவ்வாண்டு தில்லி டைனமோஸ் கழகத்துக்கு அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியரோ வந்தார். டூரின் நகரத்து யுவென்டஸ் கழகத்தின் கண்மணியாக விளங்கியவர்; 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியினர். தில்லியில் ஆடிக்கொண்டிருந்தபோதே அவருக்கு நாற்பது வயது நிறைந்தது. பத்து ஆட்டங்களில் ஆடி ஒரு கோல் அடித்தார். புனே கழகத்துக்கு வந்த டேவிட் ட்ரெசெகே, 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் பிரான்சுக்கு வெற்றிக் கோலை அடித்தவர். அவர் ஒன்பது ஆட்டங்களில் இரண்டு கோல்கள் அடித்தார். அடுத்த சனவரியில் ஓய்வு பெற்றார். மும்பைக் கழகம் சுவீடனின் ஃப்ரெடி யுங்பெரியை அழைத்து வந்தது. அவர் 2012ஆம் ஆண்டிலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார். கோல் ஒன்றும் இல்லை. இம்மூன்று கழகங்களுமே அரையிறுதியை எட்டவில்லை. ஹவுரா ஏலத்தில் எடுத்த ராபர்ட் பிரெஸ் ஒருவழியாகக் கோவாக் கழகத்தின் உடையில் இந்தியாவில் ஆடினார். எட்டு ஆட்டங்கள், ஒரு கோல்.

ஆண்டு இறுதியில், டிசம்பர் 20ஆம் தேதி, மும்பையில் இறுதியாட்டம் நடைபெற்றது. கொல்கத்தா அணியும் கேரள அணியும் கோல் இன்றிச் சமநிலையில் இருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில், மிகை நேரத்தில், ஒரே ஒரு கோல் விழுந்து கோப்பை யாருக்கு என்பதை முடிவு செய்தது. அக்கோலை அடித்தவர் உலகக் கோப்பை கண்டவர் அல்லர். சுவரொட்டிகளில் முகம் அச்சிடப்பட்டவரும் அல்லர். வங்காளத்தைச் சேர்ந்த முகமது ரஃபீக் என்ற இளைஞர் அவர். ஒரு பருவம் முழுவதும் பெரிய பெயர்களைத் தேடிக்கொண்டிருந்த நம் கண்களுக்கு அந்த இரவு ஒரு பாடமாக அமைந்தது.

அடுத்த ஆண்டுக் கதை இன்னும் விசித்திரமானது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி சென்னை ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் தொடக்க ஆட்டம். கொல்கத்தா அணிக்குப் போர்ச்சுகல் நாட்டின் எல்டர் போஸ்டிகா புதிதாக வந்திருந்தார். அவர் அடித்த இரண்டு கோல்களோடு அந்த அணி சென்னையினை 3-2 என்று வென்றது. பட்டியலில் சேர வேண்டியவர் அல்லர் இவர் என்று கொல்கத்தா ரசிகர்கள் மார்தட்டியிருப்பார்கள். அதே ஆட்டத்தில் அவருக்குக் காயம் ஏற்பட்டது. அந்தப் பருவத்தில் அவர் மீண்டும் ஆடவே இல்லை. கேரள பிளாஸ்டர்ஸ் கழகத்தின் நிலை இதனினும் மோசம். 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியில் இடம்பெற்ற கார்லோஸ் மார்ச்செனாவை அது அழைத்து வந்தது. அவர் ஆடியது ஒரேயோர் ஆட்டம். முந்திய ஆண்டு இறுதியாட்டம் வரை சென்ற கேரளம், அவ்வாண்டு எட்டு அணிகளில் எட்டாவதாக முடிந்தது.

கேரள ரசிகர்களின் நினைவில் இவற்றையெல்லாம் விட ஆழப் பதிந்த பெயர் ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டு பல்கேரியாவின் டிமிட்டார் பெர்பட்டோவ் கொச்சிக்கு வந்தார். தம் நாட்டுக்காக 48 கோல்கள் அடித்தவர். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்காக ஆடி, 2010-11ஆம் ஆண்டுப் பருவத்தில் 20 கோல்களோடு இங்கிலாந்தின் முதன்மைத் தொடரில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். அவர் வருகிறார் என்ற செய்தி வந்த நாளில் எர்ணாகுளத்தில் உறங்கினவர் யார்? கலூர் மைதானத்தில் மஞ்சள் உடை தரித்துக் கடலெனத் திரளும் மஞ்சப்படை ரசிகர்களின் உற்சாகத்தை நேரில் கண்டவர்களுக்குத்தான் அந்த எதிர்பார்ப்பின் அளவு விளங்கும். நவம்பர் 17ஆம் தேதி தொடக்க ஆட்டம், கோல் ஏதுமின்றி முடிந்தது. அடுத்தது பார்ப்போம் என்று அனைவரும் தேற்றிக்கொண்டார்கள். சனவரியில் பயிற்சியாளர் மாறினார். தொடரில் பெர்பட்டோவ் ஆடியது ஒன்பது ஆட்டங்கள். அடித்தது ஒரு கோல். கேரளம் ஆறாவது இடத்தில் முடிந்தது. அவர் காலில் பந்து வந்து அமரும்போது, ஒரு கணம் அது உறங்குவது போல் இருக்கும். அந்த நயத்தைக் கண்டோம் என்பது உண்மை. ஆனால் நயத்துக்கும் புள்ளிப் பட்டியலுக்கும் அவ்வாண்டு உறவு ஏற்படவில்லை.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் இங்கு வந்து ஏன் சோபிக்கவில்லை? எளிதில் எழும் விடை, பணத்துக்காக வந்தார்கள் என்பது. அந்த விடை நம் கோபத்துக்கு இதம் அளிக்குமேயன்றி உண்மையை முழுதும் விளக்காது. முதற் காரணம் வயது. முப்பத்தாறும் நாற்பதும் ஆனவர்களுக்கு அறிவு குறைவதில்லை. கால் சற்றுப் பின்தங்குகிறது. பந்து எங்கே வரப்போகிறது என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிவார்கள். ஆனால் அங்கே சென்று சேர்வதற்குள் இருபது வயதுத் தற்காப்பாளன் முந்திக்கொள்கிறான். ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. ஆனைக்கு அது பொருந்தலாம். பந்தைத் துரத்தி ஓட வேண்டியவருக்குப் பொருந்தாது.

இரண்டாவது காரணம் பருவத்தின் குறுமை. 2014ஆம் ஆண்டுத் தொடர் பத்தே வாரங்களில் முடிந்துவிட்டது. ஒவ்வோர் அணிக்கும் முதற்கட்டத்தில் 14 ஆட்டங்கள். ஐரோப்பாவின் தொடர்கள் ஒன்பது மாதங்கள் நடைபெறுகின்றன. அங்கே ஒருவர் தொடைத் தசை பிடித்து ஒரு மாதம் ஓய்வெடுத்தால் பிறகு தம்மை நிரூபிக்கக் காலம் இருக்கும். இங்கே அந்த ஒரு மாதம் ஏறத்தாழப் பாதிப் பருவம். அதனுள்ளேயே கொச்சியின் புழுக்கத்தையும், குவாஹாட்டியிலிருந்து கோவாவுக்கும் சென்னைக்கும் செல்லும் ஓயாத பயணத்தையும், புதிய நீர், புதிய உணவு ஆகியவற்றையும் உடல் பழகிக்கொள்ள வேண்டும். பழகி முடிக்கும் முன்னரே வழியனுப்பு விழா வந்துவிடும்.

மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. கோல் அடிப்பவர் தனி மனிதர் அல்லர். ட்ரெசெகே போன்ற ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் பிறர் அளித்த பந்தைத் தக்க கணத்தில் வலைக்குள் திருப்பிவிட்டே புகழ் பெற்றவர். அவருக்குப் பந்தை அளிக்க இருபுறமும் ஓடுபவர்கள் வேண்டும். அவர்கள் எப்போது பந்தைத் தூக்கிவிடுவார்கள் என்பது அவருக்கும், அவர் எங்கே நிற்பார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் புரிதல் ஆண்டுக் கணக்கில் விளைவது. சில வாரங்களில் விளைவதன்று. நாகசுர வித்துவானை மட்டும் அழைத்து வந்துவிட்டுத் தவில்காரரைத் தேடாமல் இருந்தால் கச்சேரி எவ்வாறு களைகட்டும்? பெர்பட்டோவ் போன்ற முன்வரிசை ஆட்டக்காரரைச் சில வேளைகளில் நடுக்களத்தில் ஆடவிட்டதும் உண்டு. அத்தகைய இடங்களில் குறை ஆடியவரிடம் மட்டுமா இருக்கிறது?

வயதையே முழுக் காரணமாகவும் கொள்ள முடியாது என்பதற்கு எதிர்ச்சான்றுகள் பல. அதே 2014ஆம் ஆண்டில் சென்னையின் கழகத்துக்கு வந்த பிரேசிலின் எலானோவுக்கு வயது 33. அவர் எட்டுக் கோல்கள் அடித்துத் தொடரிலேயே முதலிடம் பெற்றார். அவர் ஃப்ரீ கிக் அடிக்கப் பந்தை நிலத்தில் வைத்துப் பின்னே நகரும்போது நேரு மைதானத்தில் எழுந்த அமைதி நம் நினைவில் நிற்கிறது. உருகுவே நாட்டின் டியேகோ ஃபோர்லான் 2016ஆம் ஆண்டில் 37 வயதில் மும்பைக்கு ஆடினார். கேரளத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். முதற்கட்டத்தின் முடிவில் மும்பை பட்டியலின் உச்சியில் இருந்தது. பிரான்சின் ஃப்ளோரன் மலூதா அதே ஆண்டில் தில்லிக்கு ஆடித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். காயத்தால் ஒரு பருவத்தையே இழந்த போஸ்டிகாவும் 2016ஆம் ஆண்டில் திரும்பி வந்தார். அவ்வாண்டு கோப்பை கொல்கத்தாவுக்கே சென்றது. எனவே வயதானவர் அனைவரும் வீண் என்பதும் தவறு. பெயர் பெற்றவர் அனைவரும் பயன் என்பதும் தவறு.

பெயரில்லாதவர்களின் கதை இதன் மறுபக்கம். 2017ஆம் ஆண்டில் கோவாக் கழகம் ஃபெரான் கொரோமினாஸ் என்ற ஸ்பானியரை அழைத்து வந்தபோது, விமான நிலையத்தில் மாலையும் மேளமும் காத்திருக்கவில்லை. முதற் பருவத்திலேயே அவர் 18 கோல்கள் அடித்தார். மூன்று பருவங்களில் 48 கோல்கள். நம் தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கோயம்புத்தூர் நேரு மைதானத்தைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கழகம், ஸ்பெயினின் கீழ்நிலைத் தொடர்களில் ஆடிக்கொண்டிருந்த சிலரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தது. அவர்களுள் பெட்ரோ மான்சி என்பவர் 2018-19ஆம் ஆண்டு ஐ-லீக் தொடரில் 21 கோல்கள் அடித்தார். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். 2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி, தொடரின் கடைசி நாளில், சென்னை சிட்டி பஞ்சாப் கழகத்தை 3-1 என்று வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. உலகக் கோப்பைப் பெயர் ஒன்றும் அந்த அணியில் இல்லை. எந்த இடத்துக்கு எத்தகைய ஆட்டக்காரர் வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணித் தேடியிருந்தார்கள்.

அந்த நாளில் பட்டத்தை இழந்தது எந்தக் கழகம்? ஈஸ்ட் பெங்கால். சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே புள்ளி. 2003-04ஆம் ஆண்டுக்குப் பின்னர் தேசியத் தொடரின் பட்டத்தைக் காணாத அக்கழக ரசிகர்களுக்கு, அந்த ஒரு புள்ளி பதினைந்து ஆண்டுகளின் கனம் உடையதாக இருந்தது. இங்கேதான் நாம் இன்று பேச வந்த பொருளின் மையத்துக்கு வருகிறோம்.

டிரினிடாட் நாட்டின் வில்லிஸ் பிளாசா என்ற முன்வரிசை ஆட்டக்காரர் 2016-17ஆம் ஆண்டுப் பருவத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். சில கோல்கள் அடித்தார். சில எளிய வாய்ப்புகளை வீணாக்கினார். வீணாக்கியவைதான் நினைவில் தங்கின. அவர் காலில் பந்து படும்போதெல்லாம் படிக்கட்டுகளில் முணுமுணுப்பு எழுந்தது. ஏமாற்றிய ஆட்டக்காரர்களின் பட்டியலில் அவர் பெயரும் ஏறிவிட்டது. 2017-18ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவில் கழகம் அவரை விடுவித்தது. பின்னர் அவர் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் கழகத்துக்குச் சென்றார். மேலே நாம் சொன்ன அதே 2018-19ஆம் ஆண்டுத் தொடரில், மான்சியோடு கோல் கணக்கில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் இந்தப் பிளாசாதான். அவரும் 21 கோல்கள் அடித்தார். ஈஸ்ட் பெங்காலோ பட்டத்தை ஒரு புள்ளியில் இழந்தது.

அவர் இருந்திருந்தால் அந்தப் புள்ளி கிடைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. நடவாதவற்றைக் கொண்டு கணக்குப் போடுவது ரசிகரின் பொழுதுபோக்கு. அறிவாளியின் வேலை அன்று. ஆனால் ஒரு செய்தி தெளிவு. அதே மனிதர், அதே கால்கள். ஓரிடத்தில் பயனற்றவர் என்று பெயர். மற்றோரிடத்தில் நாட்டிலேயே முதல்வர் என்று பெயர். அப்படியானால் பயனின்மை என்பது அவருள் இருந்ததா, அவர் இருந்த இடத்தில் இருந்ததா? பட்டியலில் ஒருவர் பெயரை எழுதும்போது நாம் மையால் எழுதுகிறோம். சில வேளைகளில் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும் என்று பின்னர் உணர்கிறோம்.

இதனால் ரசிகர்கள் வாய் திறவாதிருக்க வேண்டும் என்பது பொருள் அன்று. சீட்டு வாங்கி, வேலையை விட்டு, மழையில் நனைந்து ஆட்டம் காண்பவனுக்குக் குறை சொல்லும் உரிமை உண்டு. உண்மையில் அவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத்தான் அவன் பெரும்பாலும் கேட்பதில்லை. பெரிய பெயருக்குச் செலவிட்ட அந்தப் பணமும் அந்த இடமும் யாருடையவை என்பதே அக்கேள்வி.

2014ஆம் ஆண்டில் ஓர் அணி களமிறக்கும் பதினொருவரில் ஆறு பேர் வரையில் அயல்நாட்டாராக இருக்கலாம் என்பது விதி. 2017ஆம் ஆண்டில் அது ஐந்தாகவும், 2021ஆம் ஆண்டில் நான்காகவும் குறைக்கப்பட்டது. அவ்வாறு வந்தவர்களைக் கழகங்கள் பெரும்பாலும் எங்கே ஆடவிட்டன? கோல் அடிக்கும் இடத்தில். அந்த இடத்துக்கு உரிய நம் இளைஞன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். அல்லது மாற்று ஆட்டக்காரர் அமரும் பெஞ்சியில் அமர்ந்தான். இதன் விளைவை நாட்டின் அணியில் கண்டோம். இந்தியாவுக்காக 94 கோல்கள் அடித்த சுனில் சேத்ரி 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொல்கத்தாவில் கண்ணீர் மல்க விடைபெற்றார். அவருடைய இடத்தை நிரப்ப ஒருவர் கிடைக்கவில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நாற்பது வயதில், அவரே மீண்டும் அழைக்கப்பட்டார். அயல்நாட்டாரின் வரவு ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறுதல் மிகை. பள்ளிகளில் மைதானம் இன்மை, இளையோர் போட்டிகளின் குறைவு ஆகியவையும் சேர்ந்த காரணங்கள். ஆயினும் கோலின் முன்னே நின்று தவறு செய்து, தவறிலிருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு கிடைத்தது என்று எண்ணினால், ஏமாற்றம் அளித்த ஒவ்வொரு பெரிய பெயருக்கும் நாம் கொடுத்த விலை டாலரில் மட்டும் அடங்காது என்பது விளங்கும்.

ஆகவே அடுத்த முறை நம் கழகம் ஒருவரை அழைத்து வரும்போது, அவர் எந்தக் கோப்பையை எந்த ஆண்டில் வென்றார் என்று கேட்பதோடு நில்லாமல், கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்று கேட்போம். அவருக்குப் பந்து அளிக்க வல்லவர்கள் அணியில் உள்ளனரா என்று கேட்போம். அவர் சென்றபின் அந்த இடத்தில் நிற்கப்போகும் நம் பிள்ளை யார், அவன் இவரிடம் ஏதேனும் கற்றானா என்று கேட்போம். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்குமாயின், கோல் எண்ணிக்கை குறைந்தாலும் அந்த வரவு வீணாகாது.

இறுதியாக ஒரு நினைவு. அலிகார் பல்கலைக்கழகத்தில் படிக்க ஈரான் நாட்டிலிருந்து வந்த மஜீத் பிஸ்கர் என்ற இளைஞர் 1980ஆம் ஆண்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆட வந்தார். அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்கள் அது போல் பின்னர் கண்டதில்லை என்பார்கள். பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்குச் சென்றார். நாளடைவில் ஆட்டம் மங்கிற்று. ஒருநாள் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். எவ்வளவோ ஆகியிருக்கலாம், ஆகவில்லையே என்ற குறை பலருக்கு இருந்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கழகத்தின் நூற்றாண்டு விழாவுக்காக அவரை அழைத்திருந்தார்கள். நரைத்த தலையோடு அவர் கொல்கத்தா விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, அந்த அகால வேளையிலும் ரசிகர்கள் திரண்டு நின்று அவர் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். அவர்களுள் பலர் அவர் ஆடியதைப் பார்த்தவர்களே அல்லர். தந்தையர் சொல்லக் கேட்டவர்கள்.

ரசிகரின் நினைவு அத்தகையது. அது ஏமாற்றத்தை மறப்பதில்லை. ஆனால் ஏமாற்றத்தையும் தன் குடும்பச் சொத்தாகவே வைத்துக்கொள்கிறது. வந்து தோற்றவரைப் பற்றி இன்றும் நாம் சிரித்துப் பேசுகிறோம் என்றால், அவர் வந்த நாளில் நாம் கொண்ட நம்பிக்கையை இன்னும் கைவிடவில்லை என்பதே அதன் பொருள். அந்த நம்பிக்கையை இனி வரும் பெயர்களுக்கு மட்டும் அளிக்காமல், நம் தெருவில் பந்தைத் துரத்தி ஓடும் பிள்ளைக்கும் சிறிது அளிப்போமாக.